காது கேட்காத ரத்தம்

எலி அறையில் பகலை இரவாக்கி வைத்திருந்தார்கள். எலிகள் இருட்டில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். ஆராய்ச்சி செய்கிறவர்களோ பகலில்தான் வேலைக்கு வருவார்கள். இரு தரப்புக்கும் பொதுவாக ஓர் ஏற்பாடு: வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும். எலிக் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. நாம் அவற்றைப் பார்க்கலாம், அவை நம்மைப் பார்க்காது என்பது கணக்கு. அந்தக் கணக்கு கொஞ்ச நாளாக, அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அவளுக்கு மட்டும் உதைத்தது. அவள் கதவைத் திறந்ததுமே அவளுடைய கூண்டுகளில் இருந்த எலிகள் எல்லாம் முன்பக்கம் வந்து, பின்னங்கால்களில் எழுந்து நின்று, மூக்கைத் தூக்கிக் காத்திருந்தன. எதிர் அடுக்கில் இருந்த ஒல்லியின் எலிகள் அவள் வந்ததைச் சட்டையே செய்யவில்லை.

ஒல்லி அவளோடு வேலை பார்க்கிறவன். சேர்ந்த புதிதில் ஒல்லியாக இருந்தான். இப்போது தொப்பை போட்டுவிட்டது, பெயர் மட்டும் இளைத்தபடியே நின்றுவிட்டது. அவளுடைய எலிகள் எழுந்து நிற்பதை அவன்தான் முதலில் கவனித்தான். உங்களுக்குத் தனி மரியாதைதான் என்று கேலி செய்தான். அவளுக்கு உள்ளுக்குள் பெருமைதான். எலியைக் கையாளுவதில் அந்தக் கட்டடத்திலேயே அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். ‘கைராசிக்காரி’ என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், முகத்துக்கு நேரேயும் சொல்வார்கள்.

அந்தக் கைராசிக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. ஊசி போடுவதற்கு முன்னால் மற்றவர்கள் எலியை வாலைப் பிடித்துத் தூக்குவார்கள். எலி மிரளும், மிரண்ட எலியின் ரத்தம் வேறு மாதிரி இருக்கும். அவள் அப்படிச் செய்ய மாட்டாள். அங்கியின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, எலியை முன்கையின் உள்பக்கத்தில் நடக்கவிடுவாள். வெறும் தோலின் சூட்டில் அது அடங்கி உட்காரும். அதற்குப் பிறகுதான் ஊசி. விதிப்படி அது தப்பு, அங்கிக் கை மணிக்கட்டுவரை இருக்க வேண்டும். ஆனால் அவளுடைய எலிகளின் அளவுகள் மற்ற எல்லோருடையதையும்விடச் சீராக வந்தன. அதனால் மேடம் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

மேடம்தான் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர். அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு சின்னக் கேள்விக்குப் பதில். உடம்பில் இருக்கிற ரத்தம் முழுவதும் எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் கொஞ்சம் ஸ்டெம் செல்களிலிருந்துதான் பிறக்கிறது. அவை பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும். அவற்றுக்குள்ளே ஹார்மோனைப் பிடித்துக்கொள்கிற ஏற்பி ஒன்று உண்டு. அதைக் காது என்றே வைத்துக்கொள்ளலாம். பெண் ஹார்மோன் வந்து கூப்பிட்டால் அந்தக் காதுக்குக் கேட்கும். செல் விழித்துக்கொண்டு பெருகும். பெண் எலி கர்ப்பமாகும்போது இதுதான் நடக்கிறது. தாய்க்கு ரத்தம் அதிகம் வேண்டும், கூப்பாடு பலமாகிறது, மஜ்ஜை போதாமல் மண்ணீரலும் வீங்கி ரத்தம் செய்யத் தொடங்குகிறது.

இதைச் சோதிக்க அவளிடம் இரண்டு வகைக் கூண்டுகள் இருந்தன. ஒரு வகைக்கு எண்ணெயில் ஹார்மோன் கலந்து ஊசி. இன்னொரு வகைக்கு வெறும் எண்ணெய். ஒவ்வொரு வகையிலும் பாதி எலிகள் சாதாரண எலிகள். மீதிப் பாதிக்கு ரத்த செல்களில் மட்டும் அந்தக் காதை நீக்கியிருந்தார்கள். உடம்பின் மற்ற இடமெல்லாம் கேட்கும், ரத்தம் மட்டும் செவிடு. எண்ணெய்க் கூண்டுகளில் ஒன்றும் நடக்கக் கூடாது. ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான் அவற்றின் வேலை.

முதல் தொகுதி எலிகளை அறுத்துப் பார்த்த நாளில் எண்ணெய் எலிகளின் மண்ணீரல் வீங்கியிருந்தது. தட்டில் எடுத்து வைத்தபோது அவள் கூண்டு மாறிவிட்டது என்றே நினைத்தாள். கூண்டின் அட்டையைப் பார்த்தாள், அடையாளத்துக்காக எலிக் காதில் போட்ட துளையைப் பார்த்தாள், எல்லாம் சரியாக இருந்தன. மஜ்ஜையைச் சோதித்தால் அங்கேயும் ஸ்டெம் செல்கள் விழித்துப் பெருகிக்கொண்டிருந்தன. ஆண் எலியின் வாடையே படாத அறையில், வெறும் எண்ணெய் ஏற்றிய எலிகளின் ரத்தம், கர்ப்பிணியின் ரத்தமாக இருந்தது.

நோய்த்தொற்றாக இருக்கும் என்றான் ஒல்லி. தொற்று வந்தாலும் மண்ணீரல் வீங்கும், உண்மைதான். ஆனால் அந்த வாதம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அதே எண்ணெய், அதே அடுக்கு, பக்கத்துக் கூண்டு. ரத்தம் செவிடான எலிகளின் மண்ணீரல் மட்டும் சின்னதாக, தேமே என்று கிடந்தது. தொற்று ஆள் பார்த்து வராது. காது உள்ளவற்றுக்கு மட்டும் கேட்டிருக்கிறது என்றால் வந்தது கிருமி இல்லை, கூப்பாடு.

மேடம் இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “யாரோ இதுங்கள கூப்பிடறாங்க. யாருன்னு கண்டுபிடி. அதுவரைக்கும் இந்த முடிவ வெளிய எடுக்க முடியாது.”

மேடம் சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். அன்றிலிருந்து அந்தச் சிவப்பு வெளிச்சத்துக்குள் நுழையும்போதெல்லாம் அவள் தன்னையறியாமல் காதைத் தீட்டிக்கொண்டாள். காற்றுக் குழாயின் உறுமலைத் தவிர அங்கே சத்தமே கிடையாது. ஆனாலும் அங்கே ஏதோ ஒன்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது, தனக்குத்தான் கேட்கவில்லை என்று தோன்றியது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். எண்ணெயை மாற்றினாள். தீவனத்தில் சோயா இருந்தால் ஹார்மோன் போலவே வேலை செய்யும் என்று தீவனத்தை மாற்றினாள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கிப் போட்டுக் கண்ணாடிப் புட்டி வைத்தாள். கூண்டில் விரிக்கும் மரத்தூள், கிழித்துப் போடும் மென்தாள், ஊசிக்குழல் எல்லாவற்றையும் மாற்றினாள். தன்னைத் தவிர வேறு யாரும் கூண்டைத் தொடக் கூடாது என்று தடை போட்டாள். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அது படித்தவர்களுக்கே உரிய முட்டாள்தனம். வேறு யாருக்கும் இந்த அளவுக்கு வாய்க்காது.

வீட்டில் அவளுக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி வெகு காலம் ஆகியும் குழந்தை இல்லை. மருத்துவமனையில் உறைய வைத்திருந்த கருக்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள், ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஒவ்வொரு தடவையும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்து, ஆறுதல் சொல்லியே அவளை நார் நாராகக் கிழித்தார்கள். இப்போது மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. இந்தக் கடைசி முறை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவளும் கணவனும் பேசி முடிவு செய்தார்கள். முடிவு செய்த கையோடு கணவனின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள்.

நாத்தனார் கெட்டவள் இல்லை. அலமாரியைத் திறந்து அடுக்கிவைப்பாள், கைப்பையைத் துடைத்துவைப்பாள், குளியலறைக் கதவைத் தட்டி உடம்புக்கு என்ன என்று கேட்பாள். அப்படிப்பட்ட அன்புக்கு நடுவில் ஒரு மருந்துக் குழாயை மறைத்துவைக்க முடியாது. கர்ப்பப்பையின் உட்சுவர் தடிமனாவதற்காகத் தினமும் காலையில் முன்கையின் உள்பக்கத்தில் தடவிக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா ஒரு களிம்பு கொடுத்திருந்தார். அவள் அதை வேலை செய்யும் இடத்தில், உடை மாற்றும் அறையில் இருந்த தன் பூட்டிய பெட்டிக்குள் வைத்தாள். காலையில் வந்ததும் கை கழுவி, களிம்பைத் தடவி, அங்கி போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு எலி அறைக்குள் போவாள்.

வாசிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். அவளுக்குப் புரியவில்லை. ஊசி மருந்துப் புட்டியில் இருந்தது ஹார்மோன், அது வேலை. குழாயில் இருந்தது மருந்து, அது வாழ்க்கை. இரண்டுக்கும் நடுவே அவள் கட்டியிருந்த சுவர் அவ்வளவு உயரம்.

இரண்டாவது தொகுதி எலிகள் கூடு கட்டத் தொடங்கின. எலிகள் மென்தாளைப் பரப்பிப் படுப்பது வழக்கம்தான். இவை அப்படிச் செய்யவில்லை. தாளைப் பல்லால் நூல் நூலாகக் கிழித்து, சுற்றிச் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே கூரையும் போட்டு மூடின. குட்டி போடப்போகிற எலி கட்டுகிற கூடு அது. எல்லாக் கூண்டுகளிலும் கட்டின, ரத்தம் செவிடான எலிகளும் கட்டின. அவற்றின் உடம்புக்குக் கேட்டிருக்கிறது, ரத்தத்துக்குத்தான் கேட்கவில்லை. அவள் ஓர் இடுக்கியால் ஒரு கூட்டின் கூரையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு விரல் அளவுக்குக் குழிவு, அது சூடாக இருந்தது. மூலையில் நின்ற எலி ஓடி வந்து அவள் கண் முன்னாலேயே கூரையை மறுபடி மூடியது.

அன்று மாலை ஸ்கேன். கூடு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். கர்ப்பப்பையைத்தான் சொன்னார், எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாராம். அவளுக்கு எலி ஓடி வந்து மூடிய கூரை நினைவுக்கு வந்தது. சில நாள் கழித்துக் கடைசிக் கருவை உள்ளே வைத்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் மனசு புத்தி சொன்னதைக் கேட்காமல் தனி வழியே போனது. இரண்டாவது தொகுதியில் சிலவற்றை அறுத்துப் பார்த்தபோதும் எண்ணெய் எலிகளின் மண்ணீரல் வீங்கியே இருந்தது. மேடம் தலையில் கைவைத்தார்; அவளுக்கோ உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது, அதைக் கண்டு அவளே பயந்தாள். தனக்குள் கரு ஒட்டிக்கொண்டது எலிகளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரிவதற்கு முன்னால், டாக்டரம்மாவின் இயந்திரத்துக்குத் தெரிவதற்கு முன்னால், அவற்றின் ரத்தத்துக்குத் தெரிந்திருக்கிறது. அவள் உள்ளே நுழைந்ததும் எழுந்து நிற்பது அதனால்தான். இதை அவள் கணவனிடம் சொன்னாள். அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

“நீ எலிய நம்பாத. நம்பினா, நாளைக்கு இல்லன்னு ஆனா அதையும் சேர்த்துத் தாங்கணும்,” என்றான்.

அவள் நம்பினாள். காலையில் அறைக்குள் போனதும் ஒவ்வொரு எலியாக எடுத்துக் கையில் விட்டுக்கொண்டாள். அவை முன்கையில் மூக்கை வைத்து நிதானமாக நக்கின. சின்ன நாக்கு, ஈரமான சொரசொரப்பு. அவளோடு ரகசியம் பேசுவது போல இருந்தது. உண்டு என்கிறாயா, உண்டு என்கிறாயா என்று அவள் மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கரு தங்கியதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்குச் சில நாள் இருக்கும்போது ஒல்லி ஏதோ எடுக்க அவள் பக்கம் வந்தான். எலி நக்குவதைக் குனிந்து பார்த்தான்.

“கையில என்னக்கா தடவியிருக்கீங்க? ஒண்ணு விடாம எல்லாம் இப்படி நக்குதுங்க?”

வேர்வையாக இருக்கும், உப்பு, என்று அவள் வாய் சொல்லிவிட்டது. சொல்லி முடிப்பதற்குள் அந்த உயரமான சுவர் அப்படியே சரிந்தது. எலியைக் கூண்டில் விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். உடை மாற்றும் அறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து குழாயை எடுத்துத் திருப்பினாள். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த அழகான பெயர். கீழே பொடி எழுத்தில் உள்ளே இருப்பதன் பெயர். அவள் ஊசி மருந்துப் புட்டியின் மேல் தன் கையாலேயே எழுதி ஒட்டிய அதே பெயர்.

கூப்பிட்டது அவள்தான். இத்தனை நாளும் அந்த இருட்டறைக்குள் தினமும் போய்த் தன் கையை நீட்டி, ஒவ்வொரு எலியையும் கூப்பிட்டிருக்கிறாள். எலிகள் எந்த ஆரூடமும் சொல்லவில்லை. அவள் பூசியதை அவளிடமே திருப்பிச் சொல்லின, அவ்வளவுதான்.

அழுகை வரவில்லை. முதலில் வந்தது ஒரு திகில். எனக்குப் போக வேண்டிய மருந்தை இவை நக்கிவிட்டனவா? உடனே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகக் கேட்டார். எலிக்கு அது பெரிய அளவு, உங்களுக்கு அது தூசு. ஸ்கேனில் பார்த்தோமே, உங்கள் உடம்பு மருந்தை நன்றாகவே எடுத்துக்கொண்டது, இனிமேல் தொடையில் தடவுங்கள் என்றார். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எலிகள் பொய்த்துவிட்ட பிறகு அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

மறுநாள் மேடத்திடம் போய்ச் சொன்னாள். களிம்பைச் சொன்னாள், களிம்பு எதற்கு என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்று மூடிவைத்த விஷயம் மேசை மேல் வந்து விழுந்தது.

“முன்னாடியே சொல்லியிருந்தா கூண்ட வேற ஆள் பாத்திருப்பாங்க,” என்றார். “உன்மேல தப்பில்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எலிங்கமேல கோபப்படாத. அதுங்க ஒழுங்காத்தான் சொல்லியிருக்குதுங்க.”

பழைய தொகுதியில் மிச்சமிருந்த எலிகளைக் கொஞ்ச நாள் அப்படியே விட்டுவைப்பது, களிம்பு நின்றதும் அவை பழையபடி ஆகின்றனவா என்று பார்ப்பது, அதற்குப் பிறகு முடித்துவிடுவது, புதுத் தொகுதியை ஒல்லி நடத்துவது என்று ஏற்பாடு. அவள் மணிக்கட்டுவரை அங்கியை இழுத்துவிட்டு, கண்ணால் பார்க்க மட்டும் போனாள். எலிகள் முன்புபோலவே எழுந்து நின்றன. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து நிற்பதை விட்டன.

பரிசோதனை முடிவு வந்தது. இல்லை.

டாக்டரம்மா தானே போன் செய்து சொன்னார். அவளுடைய அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன, உட்சுவர் சரியாக இருந்தது, கருவும் நல்ல கருதான் என்றார். சில சமயம் எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்காது, காரணம் சொல்லத் தெரியவில்லை என்றார். அவள் கை செய்த காரியத்தால் போயிற்று என்று அவர் சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலாம் போலிருந்தது. கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும். களிம்பை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டரம்மா. அவள் சரி என்றாள். அன்றைக்கு நாத்தனார் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டபோது, தலைவலி என்று கணவன்தான் பதில் சொன்னான்.

எலிகளை முடிக்கிற நாள் வந்தது. அவள் வரவேண்டாம், தான் பார்த்துக்கொள்வதாக ஒல்லி சொன்னான். அவனுக்கும் விஷயம் அரைகுறையாகத் தெரிந்திருந்தது. அன்று முழுக்க ஒரு கேலிகூடப் பேசவில்லை. அவள் வந்தாள். தன் கூண்டுகளைத் தானே எடுத்துக் கொடுப்பதுதான் முறை என்றாள்.

கூண்டுகளில் கூடுகள் கலைந்து கிடந்தன. கூரைகள் விழுந்து, சுவர்கள் சிதறி, எலிகள் அந்தத் தாளின் மேலேயே நடந்து திரிந்தன. கூப்பாடு நின்றுவிட்டது, கூட்டுக்கு இனி வேலை இல்லை. அப்படித்தான் ஆக வேண்டும், ஆகியிருந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து ஒல்லியிடம் நீட்டினாள். அவன் கரியமில வாயுப் பெட்டி இருந்த அடுத்த அறைக்குக் கொண்டுபோனான்.

கீழ் அடுக்கின் மூலையில் கடைசிக் கூண்டு. அதில் ஒரே ஒரு எலி, எண்ணெய் எலி, ரத்தம் செவிடானது. மற்றவை எல்லாம் கூட்டைக் கைவிட்டிருக்க, இது மட்டும் விடவில்லை. முன்பு இருந்ததைவிட உயரமாக, கெட்டியாகக் கட்டியிருந்தது. தாள் போதாமல் தன் வயிற்று மயிரைப் பிடுங்கிச் சுவரில் வைத்திருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் அதன் அடிவயிறு மொட்டையாகத் தெரிந்தது. அதைக் கூப்பிட யாரும் இல்லை. களிம்பு நின்று எத்தனையோ நாளாகிவிட்டது. எதைக் கேட்டு இது கட்டுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எந்தப் படிப்பும் அதற்கு உதவவில்லை.

அவள் வலது கையுறையைக் கழற்றினாள். கையில் இப்போது எந்த மருந்தும் இல்லை. கூட்டின் வாசலை விலக்கிச் சுண்டுவிரலை உள்ளே விட்டாள். அதே குழிவு, அதே சூடு.

எலி வந்து விரலை முகர்ந்தது. கடிக்கப்போகிறது என்று நினைத்தாள். அது கடிக்கவில்லை. விரலின் நுனியிலிருந்து அடிவரை நக்கியது, குட்டியைச் சுத்தம் செய்வதுபோல, சுற்றிச் சுற்றி, விட்டுவிடாமல். பிறகு ஒரு நூல் தாளை வாயில் கவ்வி வந்து விரலின் மேல் போட்டது. இன்னொன்று கொண்டுவந்தது. விரல் முழுவதும் மூடியதும் அதன் மேல் ஏறித் தன் மொட்டை வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. அந்தச் சின்ன நெஞ்சு படபடவென்று அடிப்பது அவள் விரலில் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அது தணிந்து நிதானமானது.

அவளுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. பயமாக இருந்தது, கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இழுக்கவில்லை. குனிந்தபடியே, மூச்சைக்கூடப் பலமாக விடாமல் நின்றாள். கண்ணிலிருந்து சொட்டியது கூண்டின் விளிம்பில் விழுந்தது.

ஒல்லி வாசலில் வந்து நின்று கையை நீட்டினான்.

“அந்தக் கடைசிக் கூண்டக் குடுங்கக்கா. முடிச்சிடலாம்.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“கொஞ்சம் இரு,” என்றாள். “இப்பதான் தூங்குது.”